சுங்கத் தீர்வையைக் கட்டுவது யார்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் சுங்கத் தீர்வை என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் பலர், "இது துறைமுகத்து வியாபாரிகள் சங்கதி, கணக்குப்பிள்ளைகள் சங்கதி, நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று நினைத்து எழுந்து போய்விடலாம். அப்படி நீங்கள் நினைக்க வேண்டுமென்பதுதான் அதை விதிக்கிறவர்களுடைய ஆசையுமாகும். நிலவரி என்றால் குடியானவனுக்குத் தெரிகிறது. ரசீது கைக்கு வருகிறது. வீட்டுவரி என்றால் தெரிகிறது. ஆள் வாசலில் வந்து நிற்கிறான். நெடுஞ்சாலைச் சாவடியில் வாங்குவதுகூடத் தெரிகிறது. வண்டிக்குக் குறுக்கே கம்பு விழுகிறது. துறைமுகத்தில் வாங்குகிற தீர்வைக்கோ வாங்குகிற உங்களுக்கு ரசீதுமில்லை, ஆளுமில்லை, கம்புமில்லை. அது சாமானின் விலைக்குள்ளே ஒளிந்து கொண்டு கடைக்கு வருகிறது. நீங்களும் "விலை ஏறிப்போச்சு" என்று கடைக்காரனைத் திட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்து வருகிறீர்கள்.

சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனுக்கு ஒரு பட்டம் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சுங்கத்தைத் தவிர்த்ததற்காக ஒரு ராஜாவை 900 வருஷங்களாகப் புகழ்ந்து வருகிறோம். அப்படியானால் அதற்கு முன் அது எவ்வளவு தொல்லையாயிருந்திருக்க வேண்டும், அதை வாங்கிக் கொண்டிருந்தவர்கள் யார் என்று யாராவது கேட்டோமா? இல்லை. பட்டத்தை மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2024ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நமது மத்திய சர்க்கார், வெளிநாட்டிலிருந்து வரும் சுத்திகரிக்காத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இவைகளுக்கு ஒன்றுமில்லாதிருந்த அடிப்படைத் தீர்வையை 100க்கு 20 ஆக்கிற்று. மேல்வரிகளையும் சேர்த்தால் 100க்கு 27½ ஆயிற்று. பிறகு 2025 மே மாதக் கடைசியில் அந்த 20ஐ 10ஆகக் குறைத்தது. இந்த நாட்டு ஜனங்கள் தின்னுகிற எண்ணெயில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருவதாகும். ஆகவே இந்த ஏற்றமும் இறக்கமும் ஒவ்வொரு வீட்டு வாணலியிலும் நடந்தது. இதைப்பற்றி உங்கள் தெருவில் ஒரு கூட்டமாவது நடந்ததா? ஓட்டுக் கேட்க வந்தவர்களில் ஒருவராவது பேசினாரா?

நிலக்கடலை போட்டவனுக்கும் எள் போட்டவனுக்கும் விலை கிடைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் இந்தத் தீர்வையைக் கட்டுவது யார் என்கிற அடிப்படையில் உலகமெல்லாம் பரவியிருக்கும் ஒரு மூடநம்பிக்கையைப் பார்ப்போம். அதாவது, இறக்குமதித் தீர்வையை அயல்நாட்டான் கட்டுகிறான் என்கிற நம்பிக்கை.

கப்பல் வருகிறது. எண்ணெய் இறங்குகிறது. அந்த எண்ணெயை வரவழைத்த நம் ஊர் வியாபாரி சுங்க இலாகாவில் மனுப் போட்டுத் தீர்வையைக் கட்டிச் சரக்கை எடுத்துப் போகிறான். மலேசியாக்காரனோ இந்தோனேசியாக்காரனோ ஒரு காசு கொண்டுவந்து நம் பொக்கிஷத்தில் போடுவதில்லை. கட்டிய வியாபாரி என்ன செய்வான்? ஒன்று, தன் லாபத்தில் பொறுத்துக் கொள்வான். அல்லது, "விலையைக் குறைத்துக்கொடு" என்று அயல்நாட்டானை நெருக்குவான். அல்லது, விலையில் ஏற்றி நம் தலையில் வைப்பான். இம்மூன்றில் எது எளிது என்பதைச் சொல்ல வேத சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. யாரால் வேறு இடத்துக்கு நகர முடியாதோ அவன் தலையில்தான் சுமை வந்து உட்காரும்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. அமெரிக்காவில் கணக்குப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் அந்நாட்டு சர்க்கார் வெளிநாட்டுச் சலவை இயந்திரங்களுக்குத் தீர்வை போட்டது. வருஷத்தில் முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 100க்கு 20; அதற்கு மேல் வருவதற்கு 50. உள்நாட்டுத் தொழிலாளிக்கு வேலை என்பதுதான் சொன்ன காரணம். நடந்ததென்ன? சலவை இயந்திரத்தின் விலை 100க்கு 12 வீதம் அளவுக்கு, அதாவது ஒன்றுக்குச் சுமார் 86 டாலர் ஏறிற்று. வெளிநாட்டு இயந்திரம் மட்டுமல்ல; உள்நாட்டில் செய்ததும் ஏறிற்று. பக்கத்துக் கடைக்காரன் விலையேற்றினால் நாமும் ஏற்றலாம் என்பதற்குப் பெரிய முதலாளிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லையல்லவா?

இதைவிட வேடிக்கை என்னவென்றால், துணியை உலர்த்துகிற இயந்திரத்துக்குத் தீர்வையே கிடையாது. அதுவும் சுமார் 92 டாலர் ஏறிவிட்டது! ஏனெனில் அந்த நாட்டில் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். ஒன்றில் முழுவதும் ஏற்றினால் கண்ணுக்குத் தெரியுமென்று இரண்டிலும் பிரித்து ஏற்றினார்கள். இதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் போட்ட கணக்குப்படி, வாங்குகிற ஜனங்கள் வருஷத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் அதிகமாகக் கொடுத்தார்கள். சர்க்கார் பொக்கிஷத்துக்குப் போனது அதில் 8 கோடி டாலர் சில்லறைதான். புதிதாக வந்த வேலை சுமார் 1,800. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலர் விழுகிறது. அந்த வேலையில் சேர்ந்த தொழிலாளிக்கு வருஷத்தில் 8 லட்சம் டாலர் கூலியா கொடுத்தார்கள்? பாக்கி எங்கே போயிற்று? தொழிலாளியின் பேரைச் சொல்லி வசூல் செய்தார்கள். வசூலான பணம் தொழிலாளியின் வீட்டு வழியாகக்கூடப் போகவில்லை.

தோழர்களே! தீர்வை என்பது வரிதான் என்பதை அமெரிக்கச் சரித்திரமே காட்டும். அங்கு 1860க்கு முந்திய காலத்தில் மத்திய சர்க்காரின் வருமானத்தில் பெரும்பாகம், பல வருஷங்களில் 100க்கு 80, 90 வீதம் கூட, துறைமுகத் தீர்வையிலிருந்தே வந்தது. சர்க்கரை, துணி, இரும்புச் சாமான் எல்லாவற்றுக்கும் தீர்வை. ஆயிரம் ஏக்கர்க்காரனும் அவன் பண்ணையில் வேலை செய்கிறவனும் ஒரு ராத்தல் சர்க்கரைக்கு ஒரே வரி கொடுத்தார்கள். 1913ல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி, வருமானத்தின் மேல் வரி போட்டார்கள். அதே வருஷத்தில் அதே சட்டத்தில் தீர்வைகளைக் குறைத்தார்கள். இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயலல்ல. ஒன்று சம்பாதிக்கிறவனைப் பார்த்து வாங்குவது. மற்றது சாப்பிடுகிறவனைப் பார்த்து வாங்குவது. 100 வருஷங்களுக்குப் பிறகு மறுபடியும் தீர்வையைத் தூக்கி வைத்து, இதனாலேயே வருமான வரியை ஒழித்துவிடலாம் என்று அந்நாட்டில் பேசுகிறவர்கள் கிளம்பினார்களென்றால், அது யாருடைய நன்மைக்காக என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

நிற்க, தீர்வைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. அதுதான் பேரம். "நீ எனக்கு இதைச் செய், இல்லாவிட்டால் உன் சரக்குக்குத் தீர்வை போடுவேன்" என்று ஒரு நாடு மற்றொரு நாட்டை மிரட்டுவது. ராஜதந்திரம் என்று இதற்குப் பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். சந்தையில் இரண்டு தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து மாட்டுக்குப் பேரம் பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் இதுவும். ஒரே வித்தியாசம், இந்தப் பேரத்தில் மாடு யாருடையதோ அவனைக் கேட்பதேயில்லை.

இதில் ஒரு முட்டைக் கதையும் ஒரு கோழிக் கதையும் உண்டு. முட்டை முந்தியதா, கோழி முந்தியதா என்று வெட்டி வேதாந்திகள் கேட்பார்களே, தீர்வை விஷயத்தில் முட்டைதான் முந்தியது. 1930ல் அமெரிக்காவில் ஸ்மூட் என்பவரும் ஹாலி என்பவரும் கொண்டுவந்த சட்டம் ஆயிரக்கணக்கான சாமான்களுக்குத் தீர்வையை ஏற்றிற்று. கையெழுத்துப் போடாதீர் என்று 1,028 பொருளாதாரப் பண்டிதர்கள் ஜனாதிபதி ஹூவருக்கு மகஜர் கொடுத்தார்கள். அவர் போட்டுவிட்டார். அச்சட்டத்தில் முட்டைக்கு டஜனுக்கு 8 செண்டாயிருந்த தீர்வையை 10 ஆக்கினார்கள். உடனே பக்கத்துக் கனடா, தன் முட்டைத் தீர்வையை 3 செண்டிலிருந்து 10 ஆக்கிற்று. முன்னே கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த முட்டை சொற்பம். அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குப் போனதோ 1929ல் 1 கோடிக்கு மேல். 1932ல் அது 2 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. தன் கோழிப்பண்ணைக்காரனைக் காப்பாற்றப் போட்ட தீர்வை அவனுடைய முட்டையைத்தான் உடைத்தது. அன்று உலக வியாபாரம் விழுந்ததற்குத் தீர்வை ஒன்றே காரணமென்று நான் சொல்ல வரவில்லை. பெருமந்தம் அதற்கு முன்பே பிடித்துக் கொண்டது. விழுந்தவன் எழுந்திருக்க முடியாமல் ஒவ்வொருவனும் கதவைச் சாத்தினான் என்பதுதான் விஷயம். ஸ்மூட், ஹாலி இருவரையும் 1932ல் அவர்கள் ஊர் ஜனங்களே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இனிக் கோழிக்கு வருவோம். இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் கோழி வளர்ப்பு பெரிய பெரிய ஆலை போலாகிவிட்டது. விலை மலிந்தது. அந்தக் கோழி கப்பலேறி மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாயிருந்த கோழி, சாதாரண ஜனங்கள் அடிக்கடி சாப்பிடும் பண்டமாயிற்று. இது ஐரோப்பியப் பண்ணைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1962ல் ஜெர்மனி, பிரான்சு உட்பட ஆறு தேசங்கள் சேர்ந்த பொதுச் சந்தை கோழித் தீர்வையைப் பல மடங்கு ஏற்றிற்று. அமெரிக்கா கோபித்தது. பெர்லின் நகரத்தில் சுவர் எழுந்து, உலகம் எப்போது வெடிக்குமோ என்றிருந்த காலம் அது. அப்படியிருந்தும் தனக்கும் கென்னடிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் பாதி கோழியைப் பற்றியதாயிருக்கும் என்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவர் பின்னால் சொன்னாராம். கோழியின் யோக்கியதை அவ்வளவு உயர்ந்துவிட்டது.

பஞ்சாயத்து வைத்தார்கள். அமெரிக்காவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 2 கோடியே 60 லட்சம் டாலர் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். அந்த அளவுக்குத் திருப்பி அடிக்கலாமென்று, 1963 டிசம்பரில் ஜனாதிபதி ஜான்சன் நான்கு சாமான்களுக்குத் தீர்வை போட்டார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்னும் பசைமாவு, பிராந்தி, சின்ன லாரி. கோழிக்கும் லாரிக்கும் என்ன சம்மந்தம் என்று கேட்கிறீர்களா? வோக்ஸ்வாகன் என்னும் ஜெர்மன் கம்பெனியின் சின்ன வேன்கள் அமெரிக்காவில் நன்றாக விற்பனையாகிக் கொண்டிருந்தன. வருகிற 1964ல் ஜான்சனுக்குத் தேர்தல். மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தரின் தயவு அவருக்கு வேண்டியிருந்தது. கோழிக்காகச் சண்டை, லாரிக்கு அடி, லாபம் ஓட்டு! 1964 ஜனவரியிலிருந்து சின்ன லாரிக்கு 100க்கு 25. ஜெர்மன் லாரி வரவு அந்த ஒரு வருஷத்திலேயே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு தேசத்துக்கு மாத்திரம் போடக்கூடாதாகையால், கோழிச் சண்டையில் கலந்து கொள்ளாத ஜப்பானுக்கும் சேர்ந்தே விழுந்தது.

இதெல்லாம் போகட்டும். அதற்குப் பின் நடந்ததுதான் நீங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது. கோழிச் சண்டையை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். அடினாவர் போனார், ஜான்சன் போனார். மேற்கு ஜெர்மனி என்ற தேசமே இன்று இல்லை. மாவுக்கும் பிராந்திக்கும் போட்ட தீர்வை எடுபட்டது. லாரியின் மேல் போட்டது மட்டும் 60 வருஷத்துக்கு மேல் நின்றது. ஏனென்றால் அதற்குள் அதைத் தின்று பழகிய முதலாளிகள் உண்டாகிவிட்டார்கள். 2018ல் அமெரிக்கா தென் கொரியாவோடு செய்துகொண்ட பேரத்தில், கொரியா லாரிக்கு இந்த 25 வீதம் 2041 வரை இருக்க வேண்டுமென்று எழுதி வாங்கிக் கொண்டது. 1962ல் செத்துப்போன கோழிக்கு 2041 வரை திதி!

இந்தத் தீர்வையைத் தப்பிக்க நடந்த தந்திரங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். சுபாரு என்ற ஜப்பான் கம்பெனி ஒரு சின்ன லாரியின் பின் தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருகி வைத்து, "இது லாரியல்ல, மனிதர் ஏறும் வண்டி" என்று சொல்லிக் குறைந்த தீர்வையில் கொண்டுவந்தது. ஜப்பான்காரன் செய்தானென்றால் ஒரு மாதிரி. அமெரிக்காவின் சொந்தக் கம்பெனியாகிய ஃபோர்டே துருக்கியில் வேன் செய்து, அதில் பின் ஆசனங்களும் ஜன்னல்களும் வைத்துக் கப்பலேற்றி, மனித வண்டியென்று 2½ வீதத் தீர்வை கட்டி, துறைமுகத்தில் இறங்கியவுடன் ஆசனங்களைக் கழற்றி எறிந்து, ஜன்னலுக்குத் தகரமடித்துச் சாமான் வண்டியாக விற்றது. வழக்கு நடந்து, 2024 மார்ச்சில் 36 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டது. எவனைக் காப்பாற்றத் தீர்வை போட்டார்களோ அவனே அதைத் தாண்டிக் குதிக்க வேலி ஓரம் ஏணி வைத்திருந்தான். புதிய ஆசனத்தைச் செய்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, குப்பையில் போட்ட செலவெல்லாம் யார் தலையில்?

தோழர்களே! இங்கு ஒரு நிமிஷம் நின்று உங்கள் அறிவைக் கொண்டு யோசிக்க வேண்டுகிறேன். 2025ல் அமெரிக்காவை ஆண்டவர்கள் தீர்வைக்கு மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொன்னார்கள். பொக்கிஷம் நிரம்பும் என்றார்கள். தொழிற்சாலைகள் திரும்பி வரும் என்றார்கள். மற்ற தேசங்களைப் பணிய வைத்து விட்டுக்கொடுக்கச் செய்யலாம் என்றார்கள். இம்மூன்றும் எப்படி ஒன்றாயிருக்க முடியும்? பொக்கிஷம் நிரம்ப வேண்டுமானால் வெளிச்சரக்கு வந்துகொண்டேயிருக்க வேண்டும். வந்துகொண்டேயிருந்தால் உள்ளூர்த் தொழிற்சாலைக்கு என்ன காப்பு? காப்பு உண்மையானால் சரக்கு வராது. வராத சரக்குக்குத் தீர்வை எங்கே? பேரத்துக்காகப் போட்டதென்றால், பேரம் படிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். நாளைக்கு எடுக்கப் போகிற தீர்வையை நம்பி எந்த முதலாளி 20 வருஷத்துக்குத் தொழிற்சாலை கட்டுவான்? ஒரே மருந்து காய்ச்சலுக்கும் பேதிக்கும் பாம்புக் கடிக்கும் கேட்கும் என்று சந்தையில் விற்கிறவனை நீங்கள் என்ன பேர் சொல்லி அழைப்பீர்கள்?

பேரத்தின் செலவு எப்படிப்பட்டதென்பதற்கு மற்றொன்று சொல்லுகிறேன். 2018ல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தீர்வை போட, சீனா அமெரிக்க சோயா மொச்சைக்கு 25 வீதம் போட்டது. சீனா பிரேசிலில் வாங்கிக் கொண்டது. அமெரிக்கக் குடியானவன் விளைவித்ததைக் களஞ்சியத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவனுடைய கூச்சலை அடக்க அந்த சர்க்கார் இரண்டு வருஷ விளைச்சலுக்கு 2,300 கோடி டாலர் அளவில் உதவிப் பணம் கொடுத்தது. அதுவும் விளைச்சலையும் நிலத்தையும் அளந்து கொடுத்ததால் பெரிய பண்ணைக்காரனுக்குப் பெருந்தொகை, சின்னவனுக்குச் சில்லறை. கடையில் வாங்குகிறவன் தீர்வை கட்டினான். அந்தத் தீர்வையால் கெட்டவனுக்கு நஷ்டஈடும் அவன் வரியிலிருந்தே போயிற்று.

நமது நாட்டுக்கு வருவோம். நமக்கு இந்தப் பேரம் புதிதல்ல. 1894ல் வெள்ளைக்கார சர்க்காருக்குப் பணமுடை வந்து, இந்தியாவுக்கு வரும் பருத்தித் துணிக்கு 100க்கு 5 தீர்வை போட்டார்கள். லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூச்சலிட்டார்கள். அவர்களுக்குப் பார்லிமெண்டில் ஓட்டு உண்டு, நமக்குக் கிடையாது. உடனே இந்திய ஆலை நூலுக்கும் உள்நாட்டு வரி விதித்தார்கள். 1896ல் இறக்குமதித் துணிக்கு 3½ ஆகக் குறைத்து, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3½ வரி போட்டுச் சமன் செய்தார்கள். அதாவது, வெளியூர்க்காரன் மேல் வரி போட்ட குற்றத்துக்கு உள்ளூர்க்காரனுக்கும் அபராதம்! 1917ல் யுத்தச் செலவுக்கு 10 கோடி பவுனை இந்தியா "நன்கொடை"யாகக் கொடுக்க வேண்டுமென்று வந்தபோதுதான் இறக்குமதித் தீர்வையை 7½ ஆக்க சீமையில் சம்மதித்தார்கள். உள்நாட்டு ஆலைத் துணி வரி 1926 வரை ஒழியவில்லை. இந்த 30 வருஷமும் ஆலைத் துணி வாங்கிக் கட்டிய ஏழை ஒவ்வொருவனும் லங்காஷயர் ஓட்டுக்குக் கப்பம் கட்டினான்.

சரி, அது அந்நிய ஆட்சி. சுயராஜ்யத்தில் பேரம் யாருக்காக நடக்கிறது? பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு நம் தேசத்தில் 100க்கு 60, 75 என்று தீர்வையிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி தன் நாட்டு மோட்டார் சைக்கிளைப் பற்றிக் குறைப்பட்டார். 2018 பிப்ரவரியில் அது 50 ஆயிற்று. இரண்டு பெரிய தேசங்களின் தலைவர்கள் உட்கார்ந்து பேசிய சங்கதி, பல லட்ச ரூபாய் விலையுள்ள மோட்டார் சைக்கிள்! பாமாயிலுக்காக எந்த ஜனாதிபதி போனில் கூப்பிட்டார்? 2019 ஜூன் மாதத்தில் அமெரிக்கா நமக்குக் கொடுத்திருந்த சலுகையை எடுக்கவே, நாம் அவர்களுடைய பாதாம், வால்நட், ஆப்பிள் முதலிய 28 சாமான்களுக்குத் தீர்வை ஏற்றினோம். 2023ல் அவைகளில் சிலவற்றின் மேல் ஏற்றியதை எடுத்தோம். ஏற்றினபோதும் வெற்றி என்றார்கள்; எடுத்தபோதும் வெற்றி என்றார்கள். எப்போதுமே தோல்வியில்லாத யுத்தம் இந்தத் தீர்வை யுத்தமொன்றுதான் போலும்!

2025ல் என்ன நடந்ததென்பது திருப்பூர்ப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டு 7ந் தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 25 வீதம் போட்டது. 27ந் தேதி முதல், ருஷியாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. மொத்தம் 50. வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். திருப்பூர்ப் பின்னலாடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அங்கிருந்து வாங்குகிறவர்கள், "விலையைக் குறை, இல்லாவிட்டால் டாக்காவுக்குப் போகிறோம்" என்றார்கள். நான் முன்னமே சொன்னேனல்லவா, யாரால் நகர முடியாதோ அவன் தலையில்தான் சுமை என்று? அமெரிக்க வியாபாரி நகர்ந்து விடுவான். நம் முதலாளி கொஞ்சம் லாபத்தைக் குறைத்துக் கொள்வான். மற்றதை ஓவர்டைமில் குறைப்பான். தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களிலிருந்தும் பீகார், ஒரிசாவிலிருந்தும் வந்து தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண் எங்கே நகருவாள்?

அந்தப் பெண் ருஷிய எண்ணெய் ஒரு சொட்டாவது வாங்கினாளா? வாங்கினவர்கள் பெரிய சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள். மலிவாக வந்த எண்ணெயின் லாபம் அவர்களுக்கு. அதற்கான அபராதம் இவளுக்கு. நம்மைவிட அதிகமாகவே ருஷிய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு அந்த ஆண்டில் அக்காரணத்துக்காக அபராதத் தீர்வை விழவில்லை. அவர்களிடம் காந்தத்துக்கும் யுத்தத் தளவாடத்துக்கும் வேண்டிய அருமண் உலோகங்கள் இருந்தன. நிறுத்தி வைத்துக் காட்டினார்கள். ஆகவே குற்றத்துக்குத் தக்க தண்டனையல்ல இது. இளைத்தவனைப் பார்த்துத் தண்டனை. பேரம் படிந்து வீதம் இறங்கினால் இரு பக்கத்துக்காரரும் கைகுலுக்கிப் படம் பிடித்துக் கொள்வார்கள். இடையில் போன கூலியை எந்த ஒப்பந்தத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள்?

"அப்படியானால் தீர்வையே கூடாதென்கிறாயா? அந்நியச் சரக்கு வந்து நம் தொழிலை அழிக்கட்டும் என்கிறாயா?" என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. புதிதாக முளைத்த தொழிலுக்குக் கொஞ்ச காலம் வேலி வேண்டும் என்பது மூடத்தனமல்ல. நமது சர்க்கரையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1930க்கு முன் ஜாவாச் சர்க்கரை லட்சக்கணக்கான டன் இங்கு வந்து இறங்கிற்று. 1932ல் காப்புச் சட்டம் செய்தார்கள். சுமார் 30 ஆலைகளிருந்த தேசத்தில் நாலைந்து வருஷத்தில் 130க்கு மேலாயின. வேலி பலித்தது வாஸ்தவந்தான். ஆனால் யாருக்குப் பலித்தது? கரும்பு போட்ட குடியானவனுக்கு ஆலைக்காரன் கொடுத்ததே விலை என்றிருந்ததால், 1934ல் கரும்புக்குக் குறைந்த விலை நிர்ணயிக்க மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுத்துத் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. வெளிச்சரக்கு நின்று சுங்க வருமானம் போகவே, அதே 1934ல் உள்நாட்டுச் சர்க்கரைக்கும் வரி போட்டார்கள். வாங்குகிறவன் முதலில் வேலிக்காக அதிக விலை கொடுத்தான். பிறகு வேலி பலித்ததற்காக வரி கொடுத்தான். கரும்புக்காரன் அப்போதும் ஆலை வாசலில் வண்டியோடு காத்துக் கிடந்தான். இப்போதும் பாக்கிக்காகக் காத்துக் கிடக்கிறான்.

முன்னே கேட்ட நிலக்கடலைக்காரர் கேள்விக்கும் இதுதான் என் பதில். எண்ணெய்த் தீர்வை ஏறினால் அந்த ஏற்றத்தில் எவ்வளவு கடலைக்காரன் வீட்டுக்குப் போகிறது, எவ்வளவு செக்குக்காரனிடத்திலும் மண்டியிலும் ஆலையிலும் தங்குகிறது என்று கணக்குக் காட்டட்டும். கடலைக்காரனுக்கு நேராக விலை கொடுக்க வேறு வழியிருக்கும்போது, கூலிக்காரி வாங்கும் கால் லிட்டர் எண்ணெயில் அதை வசூலிப்பது ஏன் என்று சொல்லட்டும். கூலிக்காரியும் பல வீடுகளில் கடலைக்காரனின் மனைவிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குவதாகத்தான் முடியும்.

இதைச் சொன்னால் தேசத் துரோகி என்பார்கள். தேசத்துக்காகப் பொறுத்துக் கொள் என்பார்கள். தேசமென்றால் யார்? விலையேறினால் லாபம் பார்க்கிறவன் தேசமா, விலையேறினால் ஒரு வேளையைக் குறைக்கிறவள் தேசமா? 2018ல் அமெரிக்கா, கனடாவிலிருந்து வரும் இரும்பு தன் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தென்று சொல்லி 25 வீதம் போட்டது. இரண்டு மகாயுத்தங்களிலும் பக்கத்தில் நின்று சண்டை போட்ட நாட்டின் இரும்பு ஆபத்தாம்! தேசம் என்ற வார்த்தையைச் சொன்னவுடன் கணக்குக் கேட்பது நின்றுவிடுகிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, உங்கள் தொகுதி மெம்பர் ஓட்டுக் கேட்க வரும்போதோ, கல்யாணத்துக்கு வரும்போதோ நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சாமான்களில் எதெதற்கு எவ்வளவு தீர்வை? அதைப் போடும்படி மனுக் கொடுத்தவர்கள் யார்? எத்தனை வருஷத்துக்கு? அந்த வருஷம் முடிந்தபின் எடுத்தீர்களா? பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு கார்டு எழுதிக் கேட்டாலும் போதும். இந்த வாசகசாலையில் கார்டு இருக்கிறது, எழுதத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மணி ஒன்பதாகப் போகிறது. வெளியூர்த் தோழர்களுக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் சொன்னதில் தப்பிருந்தால் எழுந்து சொல்லலாம். கடலைக்காரர்கள் முதலில் கேட்கட்டும்.